ஐந்து வாரம், இரண்டு வீடு, வரமாட்டேன் என்கிற மகன்

கேள்வி: கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறோம். இந்தக் கோடை விடுமுறைக்கு, ஜூலை கடைசியிலிருந்து ஐந்து வாரம் யாழ்ப்பாணம் போகிறோம். மகனுக்கு வயது 15, மகளுக்கு 10. இரண்டு பேருக்கும் தமிழ் விளங்கும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். என் அம்மா இணுவிலில் தங்கை குடும்பத்தோடு இருக்கிறா. மாமி, அதாவது கணவரின் அம்மா, கரவெட்டியில். விமான நிலையத்திலிருந்து நேரே தன் வீட்டுக்குத்தான் வரவேணும் என்கிறா மாமி. கணவருக்குக் கடைசி இரண்டு வாரம்தான் லீவு. போகவேண்டிய சொந்தக்காரர் வீடு மட்டும் நாற்பதுக்கு மேல். மகனோ, "அங்கே எனக்கு யாரையும் தெரியாது, நான் வரவில்லை" என்கிறான். என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

மகன் வரமாட்டேன் என்பதற்குப் பாதிக் காரணம் அந்த நாற்பது வீடாகத்தான் இருக்கும். அவன் பக்கம் இருந்து பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதிரையில் வரிசையாக இருத்தி வைப்பார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வரும். "இவன் தகப்பனை உரிச்சு வைச்சிருக்கிறான்" என்பார்கள். அப்புறம் பெரியவர்கள் ஊர்க்கதையில் இறங்கிவிடுவார்கள், அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பான். நாற்பது தரம் இது நடந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் சொந்தம் பிடிக்கும்?

அதனால் முதலில் அந்தப் பட்டியலை வெட்டுங்கள். வயோதிபர், நோயாளி, நீங்கள் இல்லாத காலத்தில் செத்தவீடு நடந்த வீடுகள், இவற்றுக்கு நீங்கள் கட்டாயம் போகவேண்டும். பிள்ளைகள் வராமல் நீங்கள் மட்டும் போனாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். மற்ற எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இணுவில் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். முற்றத்தில் பிள்ளைகள் ஒரு பக்கம் விளையாடட்டும், பெரியவர்கள் ஒரு பக்கம் கதைக்கட்டும்.

எங்கே தங்குவது? முதல் மூன்று வாரம் இணுவில், கணவர் வந்ததும் கடைசி இரண்டு வாரம் கரவெட்டி. பெட்டி கட்டி வீடு மாறுவது ஒரே ஒரு தடவைதான். ஆனால் வந்த இரண்டு, மூன்று நாளுக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரவெட்டிக்குப் போய், ஒரு இரவு தங்கி வாருங்கள். அப்பம்மாவைப் பார்க்காமல் மூன்று வாரம் இருப்பது சரியில்லை, மாமியின் மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை மாமிக்குச் சொல்லவேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் அது மருமகளின் முடிவாகிவிடும், தன் மகனே சொன்னால் மாமிக்கு அது குடும்பத்தின் முடிவாக இருக்கும். ஏன் இணுவில் முதலில் என்றால், அங்கே தங்கையின் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தில் வேண்டியது அவர்களோடு சேர்ந்து கழிகிற சாதாரண நாட்கள். கிணற்றடியில் குளிப்பது, சைக்கிளில் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருவது, பின்னேரம் ஒழுங்கையில் பந்தடிப்பது. இதெல்லாம் நடக்க நாலைந்து நாள் போதாது. நேர வித்தியாசமே ஒன்பதரை மணித்தியாலம். முதல் வாரம் நித்திரைக்கே சரியாகப் போய்விடும்.

ஒன்று மட்டும் இப்போதே தங்கையிடம் கேட்டுவையுங்கள்: அவளுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை எப்போது, அந்த ஆண்டு யாருக்காவது பெரிய பரீட்சை இருக்கிறதா என்று. யாழ்ப்பாணத்தில் விடுமுறையிலும் டியூசன் விடாது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உங்கள் மகனோடு ஊர் சுற்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இப்போதே வட்ஸ்அப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் கதைக்க விடுங்கள். இறங்கும்போது ஒரு முகமாவது தெரிந்திருக்கும்.

தமிழ் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சபையில் வைத்து "எங்கே, தமிழில் சொல்லு பார்ப்பம்" என்று யாரையும் உங்கள் பிள்ளையிடம் கேட்க விடாதீர்கள். ஒரு சிரிப்புப் போதும், அந்தப் பத்து வயதுப் பிள்ளை பிறகு வாய் திறக்காது. அம்மாவுக்கும் மாமிக்கும் முன்னரே ஃபோனில் சொல்லிவையுங்கள். நிறம், உடம்பு பற்றிய பேச்சும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லுங்கள். மீறி யாராவது தொடங்கினால் சிரித்து மழுப்பாமல் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தாய் தன் பக்கம் நிற்கிறா என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும். அம்மம்மாவோடு அடுப்படியில் தனியாக விட்டால் மகளுக்குத் தமிழ் தானாக வரும். ஆகஸ்டில் பனம்பழம் விழும். பனங்காய்ப் பணியாரம் சுடுகிற இடத்தில் "இதை எடு, அதைப் பிழி" என்று கேட்டுக் கேட்டே பாதி மொழி வந்துவிடும்.

மகன் விஷயம் வேறு. பதினைந்து வயதுப் பையனைச் சின்னப் பிள்ளை மாதிரி கூட்டிக்கொண்டு திரிய முடியாது. அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் ஏன் கனடாவில் இருக்கிறீர்கள் என்று அவனுக்கு முழுதாகத் தெரியுமா? 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, இணுவிலும் அடங்கிய வலிகாமத்துச் சனம் முழுக்க மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிப் போனதை, அன்று நடந்து போன ஒருவரின் வாயாலேயே அவன் கேட்கட்டும். அதே பாதையால் ஒரு நாள் அவனைக் கூட்டிப் போங்கள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் காட்டுங்கள். சுமார் 97,000 நூல்கள் எரிந்த இடத்தில் இன்று பிள்ளைகள் இருந்து படிக்கிறார்கள். அம்மம்மா சொல்வதை ஃபோனில் பதிவு செய்யும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வயதுப் பிள்ளைகள் முரண்டு பிடிப்பதைக் குறைத்துவிடுவார்கள்.

நல்லூர் முருகன் கோவில் திருவிழா 25 நாள் நடக்கும், 24ஆம் நாள் தேர். தேரன்று சனநெரிசலில் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். இடையில் ஒரு சாதாரண நாள் பின்னேரம் போனால் சாமியையும் நன்றாகப் பார்க்கலாம், மணலில் இருந்து கச்சானும் கொறிக்கலாம். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் கோவிலுக்குள் போகலாம் என்பதை மகனுக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் கூச்சத்தில் திரும்பிவிடுவான்.

உடல்நலத்தில் ஒரு பிழையான நினைப்பு நம்மவர்களிடம் உண்டு. "எங்கட ஊர்தானே, ஒன்றும் செய்யாது" என்பார்கள். அது உங்களுக்கே முழுதாகப் பொருந்தாது, கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. புறப்பட ஆறு வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசிகள் பற்றிக் கேளுங்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது, ஆனால் டெங்கு இருக்கிறது. அந்த நுளம்பு பகலில் கடிக்கும், இரவு வலை மட்டும் போதாது. தெருநாய், பூனையைத் தடவவேண்டாம் என்று மகளுக்குச் சொல்லுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும்.

அன்பளிப்பைப் பற்றி நீண்ட யோசனை வேண்டாம். ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிப் பொருள். கஷ்டப்படுகிற உறவுக்குக் காசு கொடுப்பதென்றால் தனியாக, மற்றவர் கண்ணில் படாமல்.

கணவர் பிந்தி வருவதால், பிள்ளைகள் உங்களோடு பயணம் செய்ய அவர் சம்மதிக்கிறார் என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். கனடா அரசே அப்படித்தான் பரிந்துரைக்கிறது. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குமேல் செல்லாது, தேதியைப் பாருங்கள். பயணத்துக்குப் பிறகும் ஆறு மாதம் இல்லையென்றால் இப்போதே புதுப்பிக்கக் கொடுங்கள், கோடை நெருங்கினால் வரிசை நீளும். இந்த வார இறுதியிலேயே கணவரை மாமியோடு கதைக்கச் சொல்லுங்கள். டிக்கெட் போட்ட பிறகு சொன்னால் அவவுக்கு அது அறிவித்தல் மாதிரித்தான் கேட்கும்.