பைக் செயின் தளர்ந்தால் கண்ணி வெட்டிப் போடலாமா?

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்னும் (சிறு இரும்புத் தண்டு), அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் (சிறு குழல்) தேய்கின்றன. கீல் தேய்ந்த கதவு தொங்குமே, அதே கதைதான். மதுரைக்கு அந்தப் பக்கம், மேலூர்க் குவாரிப் புழுதி செயின் எண்ணெயில் ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி.

பின்சக்கரத்தைப் பின்னே இழுத்துச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசிவரை போய்விட்டால், செயினும் ஸ்பிராக்கெட்டும் (செயின் ஓடும் பல்சக்கரம்) சேர்ந்த புதுச் செட் வாங்குவதே சரி. அதுவரை ஓட்ட வேண்டுமென்றால், பின்சக்கர ஆக்சில் (அச்சு) நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னே தள்ளி, செயினின் இரு நுனிகளையும் இணைக்கும் கிளிப் போட்ட கண்ணியான செயின் லாக்கைக் கழற்றுங்கள். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் ஜோடியாகத்தான் எடுக்க முடியும். 428 என்ற அளவுச் செயினில் ஒரு ஜோடியின் நீளம் 25.4 மி.மீ. திறந்த நுனியிலிருந்து இரண்டாவது ரிவெட் பின்னின் தலையை கிரைண்டரில் தேய்த்த பிறகே தட்ட வேண்டும். அப்படியே அடித்தால் பக்கத்தகடு வளைந்து கண்ணி இறுகும். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும்.

வெட்டினால் செயின் புதுசாகிவிடும் என்பது தப்பு: மிச்சக் கண்ணிகளும் அதே அளவு தேய்ந்தவைதான், ஸ்பிராக்கெட் பல்லையும் சேர்த்துத் தின்னும்.