நேர்த்தையலில் வளைவு தெரிவது எப்படி?

நேராகத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை மடிந்து அசைவதுபோல் தெரிவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய ஆப்பு வடிவ அடிமட்டத்தின் வேலை. கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று நிறம் படிப்படியாக மாறும் பட்டிகளை இணைத்துத் தைத்து, குறுக்கே ஆப்புகளாக வெட்டுங்கள். அகன்ற பக்கங்களை ஒரே திசையில் வைத்தால் வட்டம் வரும். 9 பாகை அடிமட்டத்துக்குச் சரியாக 40 துண்டுகள். ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாக்கினால் துணி நேராகவே நீளும், ஆனால் கறுப்பின் அருகில் வெள்ளை வந்து நிற்பதைக் கண் மடிப்பென்றே நம்பும்.

தையலில்தான் கவனம் வேண்டும். துண்டுக்குக் கால் பாகை குறைந்தாலே மொத்தம் 10 பாகை போய்விடும். வட்டம் கிண்ணம்போல் குழியும். சரிவு விளிம்பு எளிதில் இழுபடும். மின்னழுத்தியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள்.

கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் பருத்தித் துணியாகவே கேளுங்கள். வேறு நிறங்களில் தைப்பதானாலும் மடிப்பைக் காட்டுவது வெளிர், அடர் வேறுபாடுதான். அதனால் வாங்குமுன் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். கடையில் பளிச்சென்று வேறுபட்ட சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அந்தச் சோடி வேண்டாம்.