புள்ளிகள் மங்கினாலும் வயிற்றை விடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. சளிக் காய்ச்சல் வந்து போன பிறகு கால்களிலும் பிட்டத்திலும் சிவப்புப் புள்ளிகள், கணுக்காலில் வீக்கம். 'ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ்' என்றார் மருத்துவர். இப்போது புள்ளிகள் மங்குகின்றன, ஆனால் வயிற்றுவலி விட்டு விட்டு வருகிறது. காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஹெனாக் ஷோன்லைன் பர்ப்யூரா என்ற பழைய பெயரும் இதற்கு உண்டு. சளித் தொற்றுக்குப் பின் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறு ரத்தநாளச் சுவர்களில் படிந்து, அங்கே அழற்சி உண்டாகிறது. தோலில் ரத்தம் கசிந்தால் அழுத்தினாலும் மறையாத புள்ளிகள். அதே கசிவு குடல் சுவரில் நடந்தால் வீக்கமும் வலியும். இந்த நோய் வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்காவது வயிறு வலிக்கும். சிலருக்குப் புள்ளிகள் வருவதற்கு முன்பே வலி தொடங்கிவிடும். அதனால் தோலைப் பார்த்து வயிற்றைக் கணிக்க முடியாது.

பெரும்பாலும் வலி தானாகவே அடங்கிவிடும். நான் பயப்படுவது குடல் செருகலுக்குத்தான். வீங்கிய பகுதி அடுத்த பகுதிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு அழும், சற்று நேரம் சோர்ந்து கிடக்கும், மறுபடி அழும். இப்படி அலை அலையாக வந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ, வயிறு உப்பிக் கெட்டியானாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரியானாலும் சரி. போகும்போது சாப்பிட எதுவும் தர வேண்டாம். அங்கே முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். இந்த நோயில் செருகல் பெரும்பாலும் சிறுகுடலோடு நிற்பதால், ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்திச் செருகலை விடுவிக்கும் வழக்கமான எனிமா சிகிச்சை அங்கே எட்டாமல் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தாமதித்தால் அந்தக் குடல் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை நீங்களாகத் தராதீர்கள், குடலில் ரத்தக்கசிவைக் கூட்டும். வலி கடுமையாக இருந்தால் மருத்துவர் ஸ்டீராய்டு தரக்கூடும். அது வயிற்றுவலியைச் சீக்கிரம் தணிக்கும், ஆனால் இந்த நோயில் வரக்கூடிய சிறுநீரகப் பாதிப்பைத் தடுப்பதில்லை. அதனால்தான், பிள்ளை நன்றாக ஓடியாடினாலும் அடுத்த 6 மாதம் மருத்துவர் சொல்லும் நாட்களில் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். சிறுநீரில் ரத்தமோ புரதமோ கசிவது கண்ணுக்கே தெரியாமல் தொடங்கலாம்.

அப்புறம், நீங்கள் கொடுத்த எந்தச் சாப்பாட்டாலும் இது வந்ததில்லை. அந்தக் கவலையை விடுங்கள்.