சாவிக்கொத்தில் மாட்ட ஒரு சின்னக் கத்தி: எதை வாங்கலாம்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வீடு, ஒயிட்ஃபீல்டில் வேலை. வாரத்தில் மூன்று நாள் மெட்ரோ, மற்ற நாட்களில் ஸ்கூட்டர். பார்சல் பிரிக்க, நூல் வெட்ட, மத்தியானம் ஒரு கொய்யாப்பழம் நறுக்க என்று ஏதாவது தேவை வந்துகொண்டே இருக்கிறது. ஆன்லைனில் ஒரு கையாலேயே திறக்கும், திறந்த அலகு மடங்காதபடி லாக் உள்ள, டி2 என்ற வகை ஸ்டீலில் செய்த கத்தி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கத்தரி, நகராவி எல்லாம் சேர்ந்து மடங்கும் ஸ்விஸ் கத்தியே போதும் என்கிறார் நண்பர். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது பாதுகாப்புக்கும் ஆகுமே என்கிறார் அம்மா. எது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் அம்மா சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. சாவிக்கொத்துக் கத்தி தற்காப்புக்கு உதவாது. பிடி இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். பெரும்பாலானவற்றில் லாக் கிடையாது, குத்தினால் அலகு மடங்கி உங்கள் விரலையே வெட்டும். தவிர, பழம் நறுக்க வைத்திருக்கும் கத்தியைப் போலீஸ் பார்க்கிற விதம் வேறு, ஆளைத் தாக்க வைத்திருக்கும் கத்தியைப் பார்க்கிற விதம் வேறு. இரவுப் பயணத்துக்கு 112 எண்ணைப் போனில் விரல் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தியை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால்தான் கத்தி ஆயுதக் கணக்கில் வருகிறது. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சாவிக்கொத்துக்கு நான் சொல்லப்போகும் சின்ன ஸ்விஸ் கத்தியின் அலகு 4 சென்டிமீட்டர்கூட வராது. ஆனாலும் ஊருக்கு ஊர் கூடுதல் கட்டுப்பாடு இருக்கலாம். தில்லியில் 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டுகிற பட்டன் கத்திகளுக்கு 1980-லேயே தடை அறிவிப்பு வந்துவிட்டது. பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் கத்தியை எந்த ஊரிலும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பெங்களூரிலும் பண்டிகை, தேர்தல், போராட்ட சமயங்களில் போலீஸ் கமிஷனர் தடை உத்தரவு போடுவதுண்டு. முன்பு 144 என்று சொல்லிவந்தோமே, புதிய சட்டத்தில் 163-வது பிரிவு, அதுதான். அந்த நாட்களில் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் சட்டத்தைவிடப் பெரிய தடை வாசல்தான். மெட்ரோ நிலையம், மால், கோர்ட், டெக் பார்க் என்று பெங்களூரில் ஒரு சாதாரண நாளிலேயே எத்தனை ஸ்கேனர்! மெட்ரோவில் கூர்மையான பொருள்களுக்குத் தடை. 'இது சின்னதுதானே சார்' என்று நிலைய வாசலில் வாதாடிப் பயனில்லை, அங்கே நிற்கும் காவலர் சொல்வதுதான் முடிவு. அதனால் கத்தியை வீட்டுச் சாவி வளையத்தில் நேரடியாகக் கோக்காதீர்கள். அழுத்தினால் கழன்றுவிடும் சின்னக் கொக்கி ஒன்றை இடையில் மாட்டுங்கள். மெட்ரோ நாளில் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். பழம் நறுக்கும்போது சாவிகள் கையில் தொங்கி இடைஞ்சல் செய்யாது என்பது இன்னொரு லாபம். அன்றைக்குப் பார்சல் வந்தால் வீட்டுச் சாவியின் பல்லாலேயே டேப்பின் நடுவில் இழுத்துக் கிழிக்கலாம், அட்டைப்பெட்டிக்கு அதுவே போதும்.

ஸ்கூட்டர் சாவியோடு மட்டும் இதைச் சேர்க்க வேண்டாம். நம்ம ஊர் மேடுபள்ளத்தில் கொத்து முழுக்கக் குலுங்கி முன்பக்கத்தைக் கீறும், சாவித்துளையும் தேயும். கொத்தின் எடை அற்ப விஷயமில்லை. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் கோளாறுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தபோது, சரிசெய்யும்வரை வளையத்தில் சாவியைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள் என்றே உரிமையாளர்களுக்குச் சொன்னது.

இனி கத்திக்கு வருவோம். நீங்கள் பார்த்து வைத்த கத்தி நல்ல கத்தியாகவே இருக்கலாம். சாவிக்கொத்துக்கு அது ஒத்துவராது. டி2-வில் கார்பன் 1.5 சதவீதம் அளவுக்கு இருப்பதால் கூர்மை நெடுநாள் நிற்கும், உண்மை. ஆனால் அது முழு ஸ்டெயின்லெஸ் இல்லை. பேன்ட் பையின் வியர்வையிலும் எலுமிச்சைச் சாற்றிலும் புள்ளிபுள்ளியாகத் துரு வைக்கும், தீட்டவும் சிரமம். ஒரு கையால் திறக்கும் வசதியைப் பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள். பையில் சாவிகளோடு உரசிக்கொண்டே கிடக்கும் கத்திக்கு அது குறை. ஏதாவது ஒரு சாவி, விரலால் தள்ளித் திறக்க அலகில் வைத்திருக்கும் குமிழில் மாட்டி அலகு திறந்துகொண்டால், கையை உள்ளே விடும்போதுதான் தெரியும். நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டிய, கொஞ்சம் இறுக்கமான கத்திதான் இங்கே பத்திரம்.

என் தேர்வு விக்டோரினாக்ஸ் கம்பெனியின் கிளாசிக் எஸ்.டி. என்ற சின்ன ஸ்விஸ் கத்தி. மூடிய நீளம் 58 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 21 கிராம். கத்தி, கத்தரி, முனையில் ஸ்குரூடிரைவர் உள்ள நகராவி, சிமிட்டா, பல்குத்தி எல்லாம் அதற்குள்ளேயே. இதே நீளத்தில் அலுமினியப் பிடி போட்ட ஆலாக்ஸ் வகை 17 கிராம்தான், ஆனால் சிமிட்டாவும் பல்குத்தியும் இருக்காது. முள் குத்தினால் சிமிட்டாவின் அருமை தெரியும், அந்த 4 கிராமுக்காக அதை விடாதீர்கள். நட்சத்திர ஸ்குரூவும் பாட்டில் ஓப்பனரும் வேண்டுமென்றால் அதே கம்பெனியின் ராம்பிளர், எடை 30 கிராமை ஒட்டி வரும். லெதர்மேன் என்ற வேறு கம்பெனியின் மைக்ராவில் கத்தரி பெரியது, உறுதியானது. அது 51 கிராம். பையில் போட்டுக்கொள்ளலாம், கொத்தில் கனக்கும்.

நான் கத்தரிக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவது ஏன் என்றால், நீங்கள் எழுதிய வேலைகளில் பாதி கத்தரியின் வேலை. நூல், மாத்திரை அட்டை, பால் பாக்கெட், புதுத்துணியின் டேக், பிளாஸ்டிக் உறை எல்லாமே கத்தரியில் சுத்தமாகவும் பத்திரமாகவும் வெட்டுப்படும். நாலு பேருக்கு நடுவில் ஆபீசில் எடுத்தாலும் யாரும் திடுக்கிட மாட்டார்கள். கத்தரி இல்லாத கத்தி எவ்வளவு உயர்ந்த ஸ்டீலானாலும் சாவிக்கொத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஸ்விஸ் கத்தியின் ஸ்டீல் மென்மையானதே, ஸ்டீலின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 போல. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரமே தீட்டியும் விடலாம். அலகு மெல்லிசாக இருப்பதால் பழத்துக்குள் எளிதாக இறங்கும். கனத்த அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் கொய்யாவை வெட்டாது, பிளக்கும்.

போலிகள் நிறைய. அங்கீகரித்த கடையில் பில்லோடு வாங்குங்கள். அலகின் அடியில் பெயர் முத்திரை தெளிவாக இருக்கிறதா, கத்தரி நுனிவரை வெட்டுகிறதா, மூடும்போது அலகு 'டக்'கென்று உட்காருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். விமானத்தில் போனால் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும்.

டேப் வெட்டிய அலகால் அப்படியே பழம் நறுக்காதீர்கள். பசை ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு பழச்சாறு மூட்டுக்குள் இறங்கி அழுக்கோடு சேரும். வெந்நீரில் முக்கி நாலைந்து தடவை திறந்து மூடி, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நம் வீடுகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பெங்களூரு மார்கழியில் கத்தி திறக்கவே மறுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பாட்டுப் பொருளில் பட்டாலும் பயமில்லை.

மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையத்தில் 15 முதல் 20 டிகிரி சாய்வில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு கொடுத்தால் போதும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைத் தாராளமாகக் கொடுக்கலாம், இதைக் கொடுக்க வேண்டாம். இவ்வளவு மெல்லிய அலகு வேகமாகச் சுழலும் கல்லில் நொடியில் சூடேறிவிடும். விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போயிற்று, அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.