ஆயுத பூஜைப் பொரியை வாங்கலாமா?

பிரதர், ஆபீசில் ஆயுத பூஜைப் பொரி கொடுத்தால் வாங்குவதா, மறுத்து முகத்தை முறித்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிப் பைபிளில் பேசும் 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே படியுங்கள். பலர் எட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கடையில் விற்கும் இறைச்சியை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடச் சொல்கிறார், அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல். விருந்துக்குக் கூப்பிட்டாலும் அப்படியே. ஆனால், 'இது படைத்தது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் வேண்டாம் என்கிறார், அதுவும் சொன்னவருடைய மனச்சாட்சிக்காக. பூஜைப் பொரி படைத்தது என்பது ஊருக்கே தெரியும். அதனால் நான் வாங்க மாட்டேன்.

அதற்காக லீவு போட்டு ஒளிய வேண்டாம். முந்தின நாள் மேஜை துடைக்க, கம்ப்யூட்டரில் தூசி தட்ட முதல் ஆளாகப் போங்கள். தட்டு நீளும்போது, 'வேண்டாம்ண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க' என்று சிரித்தபடி சொன்னால் போதும். பிரசங்கம் எல்லாம் வேண்டாம். அப்புறம் அவரை டீக்கு நீங்களே கூப்பிடுங்கள்.