ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுச் சட்டங்கள் எப்படி உருவாகின்றன? ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் யாரோ முடிவெடுத்து எல்லா நாடுகள் மீதும் திணிக்கிறார்களா?

திணிப்பு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அந்த எண்ணத்தை மாற்றிய ஒரு சட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன்: கைபேசி ரோமிங் கட்டணம், அதாவது வெளிநாட்டில் நம் கைபேசியைப் பயன்படுத்தினால் விழும் கூடுதல் கட்டணம்.

2004 முதல் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ரைன் ஆற்றை ஒட்டி வசிக்கிறேன். அக்கரை பிரான்ஸ். அக்காவைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்தோம். மாமாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை என்பதால் அவர்கள் பாரிஸில். அப்போதெல்லாம் அக்கா வீட்டுக்குப் போனால் போனை அணைத்துவிடுவேன். வெளிநாட்டில் இருக்கும்போது வருகிற அழைப்பை எடுத்தாலும் நமக்குத்தான் காசு. 2006-இல் கடலூரில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பாரிஸில் இருந்தேன். அம்மா கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க முடியுமா? மூன்று நாள் பேச்சுக்கு வந்த பில், வாடகையில் மூன்றில் ஒரு பங்கு.

ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஆணையம் ஏன் இதைத் தடுக்கவில்லை என்று அன்று கோபப்பட்டேன். அதன் கை அங்கே எட்டாது என்பது பிறகுதான் புரிந்தது. நான் பாரிஸில் பேசும்போது, தன் கோபுரத்தைப் பயன்படுத்தவிட்டதற்காகப் பிரெஞ்சு நிறுவனம் என் ஜெர்மன் நிறுவனத்திடம் மொத்த விலை ஒன்றை வாங்குகிறது. அதை ஜெர்மன் ஆணையம் தொட முடியாது. பிரெஞ்சு ஆணையம் தொடலாம், ஆனால் கடைசியில் பணம் கட்டுவது அயல்நாட்டு வாடிக்கையாளன். அவனுக்காக அவசரப்பட அதற்குக் காரணமில்லை. இருபுறமும் கை எட்டாத இந்த இடத்தில்தான் பொதுச் சட்டத்துக்குத் தேவை வருகிறது.

சட்டவரைவைக் கொண்டுவரும் உரிமை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கு. ஆனால் அது சட்டமாக வேண்டுமானால் இரண்டு அவைகள் ஒப்ப வேண்டும்: மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றம், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் உட்காரும் கவுன்சில். வரி, வெளியுறவு போன்றவற்றுக்குக் கவுன்சிலில் ஒருமித்த சம்மதம் வேண்டும். ரோமிங் பொதுச்சந்தை விவகாரம் என்பதால் பெரும்பான்மை போதும். இன்றைய கணக்கில் அது 55 சதவீத நாடுகள், அவற்றில் மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம்.

2006 ஜூலையில் வரைவு வந்தது, 2007 ஜூன் இறுதியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூப்பிட நிமிடத்துக்கு 49 சென்ட், எடுக்க 24 சென்ட், வரி தனி. அதற்கு மேல் வாங்கக் கூடாது. பெரிய நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதற்குள் 2009-இல் குறுஞ்செய்திக்கும் உச்சவரம்பு வந்தது. 2012-இல் டேட்டாவுக்கு.

அப்புறம் வந்ததுதான் உண்மையான இழுபறி. 2014 ஏப்ரலில் நாடாளுமன்றம், 2015 டிசம்பரோடு கூடுதல் கட்டணமே இருக்கக் கூடாது என்று வாக்களித்தது. அமைச்சர்கள் பக்கம் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை என்னால் முழுக்கக் குறைசொல்ல முடியவில்லை. ஸ்பெயின், கிரீஸ் போன்ற நாடுகளுக்குக் கோடையில் லட்சக்கணக்கான பயணிகள் வருகிறார்கள். அவர்களைத் தாங்கும் கோபுரங்களுக்கான செலவு அங்குள்ள நிறுவனங்களுடையது. மொத்த விலையை அடியோடு குறைத்தால் அந்தச் சுமை உள்ளூர்க்காரன் பில்லில் ஏறும். பின்லாந்து, எஸ்டோனியா போன்ற நாடுகளின் கவலை நேர் எதிர்: அவர்கள் மக்கள் மலிவு விலையில் டேட்டாவை அள்ளிச் செலவழித்துப் பழகியவர்கள், மொத்த விலை குறையாவிட்டால் அவர்கள் நிறுவனங்கள் நஷ்டப்படும்.

நாடாளுமன்றம், கவுன்சில், ஆணையம் மூன்றும் சேர்ந்து பேசி, 2015-இல் ஒரு தேதியைப் பிடித்தார்கள்: 2017 ஜூன் 15. நிறுவனங்களுக்குள் கைமாறும் டேட்டாவின் மொத்த விலை ஒரு ஜிபிக்கு 7.70 யூரோவில் தொடங்கி, 2022-க்குள் 2.50-க்கு இறங்க வேண்டும் என்று 2017 தொடக்கத்தில் முடிவானது. எந்தத் தரப்பும் கேட்டதை முழுசாக வாங்கவில்லை.

நடுவில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2016 செப்டம்பரில், ஆண்டுக்கு 90 நாள்தான் இலவச ரோமிங் என்று ஒரு விதிமுறை வரைவை ஆணையம் வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், சில நாட்களிலேயே ஆணையத் தலைவர் யுங்கர் அதைத் திரும்பப் பெற வைத்தார். அடுத்த வரைவில் நாள் கணக்கு இல்லை. சாதாரண மக்களின் சத்தம் பிரஸ்ஸல்ஸ் வரை கேட்கிறது என்று நான் நம்பத் தொடங்கியது அன்றுதான்.

குறை இல்லாமல் இல்லை. வரைவு வந்ததிலிருந்து கட்டணம் ஒழிய 11 ஆண்டுகள் என்பது ரொம்ப நீளம். பேரம் பெரும்பாலும் மூடிய அறைகளில் நடக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 2007-இல் ஒரேயடியாகக் கட்டணத்தை ஒழிக்கப் பார்த்திருந்தால் கவுன்சிலில் பெரும்பான்மையே கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

இப்போது அம்மா கூப்பிட்டால், பாரிஸ் ரயிலில் இருந்தாலும் எடுத்துப் பேசுகிறேன். கொஞ்சம் தெற்கே பாசெல் போகும்போது மட்டும் ரோமிங்கை அணைத்துவிடுகிறேன். சுவிட்சர்லாந்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.