ராணுவம் காலி செய்தால் நிலம் யாருக்கு? சில கேள்விகள், சில பதில்கள்

கன்டோன்மென்ட் கலைப்பு பற்றிப் பேச்சு கிளம்பியதிலிருந்து எங்கள் பக்கம் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நகரமைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகளையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல்லாவரம் அன்பர்: சார், பரங்கிமலை கன்டோன்மென்ட் போகப்போகிறதாமே? மிலிட்டரி காலி செய்துவிட்டால் அந்த இடமெல்லாம் பிளாட் போடுவார்களா?

மாட்டார்கள். இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். கன்டோன்மென்ட் எல்லைக்குள் படை இருக்கும் இடமும் உண்டு, அதை ஒட்டி வளர்ந்த கடைத்தெருவும் குடியிருப்பும் உண்டு. மத்திய அரசின் திட்டம், இந்தச் சிவில் பகுதியை மட்டும் பிரித்து, பக்கத்து உள்ளாட்சியோடு சேர்ப்பது. படை இருக்கும் பகுதி மிலிட்டரி ஸ்டேஷனாகத் தொடரும். நாட்டில் இருந்த 62 கன்டோன்மென்ட்களில் இமாசலப் பிரதேசத்தின் யோல்தான் முதலில், 2023 ஏப்ரலில், இப்படிக் கலைக்கப்பட்டது. அதே ஏப்ரலில், கன்டோன்மென்ட்களை நிர்வகிக்கும் 57 போர்டுகளுக்கு நடக்க இருந்த தேர்தலை மார்ச்சிலேயே ரத்து செய்தார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1963-இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி மையம், நாம் ஓடிஏ என்கிறோமே, அதன் நிலத்துக்கும் இந்தக் கலைப்புக்கும் சம்பந்தமில்லை. "ரிலீஸ் ஆகப்போற ஏரியா" என்று யாராவது மனை காட்டினால், டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அதே அன்பர்: சரி, அப்படியென்றால் எங்களுக்கு என்னதான் மாறும்?

இப்போது உங்கள் ஊரை நடத்துவது 2006-ஆம் ஆண்டு கன்டோன்மென்ட் சட்டம். போர்டின் தலைவர் ராணுவ அதிகாரி. வரி, கட்டட அனுமதி, குப்பை எல்லாம் அந்த போர்டு பார்க்கிறது. மாநில அரசின் நகர்ப்புறத் திட்டங்கள் பல உங்கள் தெரு முனையோடு நின்றுவிடுகின்றன. சேர்ந்த பிறகு இதையெல்லாம் மாநில உள்ளாட்சி பார்க்கும். சாலை, பள்ளி, குடிநீர்த் தொட்டி போன்ற ஊர்ச் சொத்துகளை அதற்கு இலவசமாகவே கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. கடனும் பொறுப்பும் கூடவே வரும்.

பரங்கிமலையில் வீடு பார்க்கும் ஒருவர்: பழைய பங்களா ஒன்று விலைக்கு வருகிறது. ஓல்டு கிராண்ட் என்கிறார்கள். மார்க்கெட் விலையில் பாதிதான். வாங்கலாமா அண்ணா?

பாதி விலை என்றாலே கொஞ்சம் நிதானிக்க வேண்டாமா? ஓல்டு கிராண்ட் என்றால், கம்பெனி ஆட்சிக் காலத்தில் படை அதிகாரிகள் வீடு கட்டிக்கொள்ள விட்ட இடம். கட்டடம் குடியிருப்பவருக்கு, நிலம் சர்க்காருக்கு. சர்க்கார் நினைத்தால் கட்டடத்துக்கு ஈடு கொடுத்துவிட்டு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். அனுமதி வாங்காமல் கைமாற்றவோ பிரிக்கவோ இடித்துக் கட்டவோ முடியாது. பத்திரம் பதிவாகியிருக்கும், வில்லங்கச் சான்றும் சுத்தமாக வரும். ஆனால் நிலம் யாருடையது என்பது பாதுகாப்புத் துறையின் ஜெனரல் லேண்ட் ரெஜிஸ்டரில்தான் இருக்கிறது. வக்கீலிடம் போகும் முன் அந்த ரெஜிஸ்டர் நகலைக் கேளுங்கள். விற்பவர் அதற்கு மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கன்டோன்மென்ட் கலைந்தாலும் நிலத்தின் மேல் மத்திய அரசுக்குள்ள உரிமை போகாது.

நந்தம்பாக்கம்: ராணுவச் சுவரை ஒட்டி எங்கள் மனை. மாடி கட்டலாமா?

ராணுவத்தின் தடையில்லாச் சான்று தேவையா என்று முதலில் பாருங்கள். எத்தனை மீட்டருக்குள் தடை என்பது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். பாதுகாப்பு அமைச்சகத்தின் 2011 சுற்றறிக்கை கடுமையானது, 2016-இல் பல இடங்களுக்குத் தளர்த்தினார்கள். பில்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

செங்குன்றத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சென்னைப் பக்கம் ராணுவ இடம் வேறு ஏதாவதாக மாறியிருக்கிறதா ஐயா?

உங்கள் ஊரிலேயே இருக்கிறதே அம்மா! இரண்டாம் உலகப் போரில் உங்கள் செங்குன்றம் ஏரியில்தான் கேடலினா என்ற கடல் விமானங்கள் வந்து இறங்கின. வங்காள விரிகுடாவைக் கண்காணிக்க பிரிட்டிஷ் விமானப்படை ஏரியையே தளமாக்கிக்கொண்டது. போர் முடிந்ததும் ஏரி ஏரியாகவே இருந்துவிட்டது. இவ்வளவு செலவில்லாமல் பழைய நிலைக்குத் திரும்பிய ராணுவத் தளம் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

பக்கத்துச் சோழவரத்தில் போர்க்கால ஓடுதளம். விமானங்கள் போனபின் அங்கே கார், பைக் ரேஸ் வந்தது. சோழவரம் ரேஸ் என்றால் எங்கள் தலைமுறைக்கு அது ஒரு திருவிழா. பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. ஆவடி வேறு தினுசு. போர்க்காலத்தில் பெரிய ராணுவத் தளம், 1955-இல் காங்கிரஸ் மாநாடு, 1960-களில் விஜயந்தா டாங்கி செய்த கனரக வாகனத் தொழிற்சாலை. ராணுவ நிலம் ராணுவத் தொழிலுக்கே போனதால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன. நான் பார்த்தவரை, நம் பக்கம் நன்றாக வந்த மாற்றம் அதுதான்.

குரோம்பேட்டை: வெளிநாடுகளில் தளத்தை மூடினால் ஊர் செத்துவிடும் என்கிறார்களே?

முதல் சில வருஷம் அடி விழும். அப்புறம் எழுவதும் எழாததும் சாவி யார் கையில் போகிறது என்பதைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸில் அருகருகே இரண்டு அமெரிக்கத் தளங்கள், கிளார்க், சூபிக். 1991 ஜூனில் பினதூபோ எரிமலை வெடித்து இரண்டின் மேலும் சாம்பலைக் கொட்டியது. செப்டம்பரில் அந்நாட்டு செனட் 12-க்கு 11 என்ற கணக்கில், தளத்தை நீட்டிக்கும் அமெரிக்க ஒப்பந்தத்தை நிராகரித்தது. அமெரிக்கர்கள் நவம்பரில் கிளார்க்கை விட்டார்கள், அடுத்த நவம்பரில் சூபிக்கை.

கிளார்க்கில் கொள்ளையர்கள் புகுந்து கதவு, ஜன்னல், செம்புக் கம்பி வரை பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சூபிக்கில் பக்கத்து ஊரான ஓலோங்காபோவின் மேயர் ரிச்சர்ட் கார்டன், சம்பளமில்லாத தொண்டர்களைத் திரட்டிக் காவல் போட்டார். கட்டடமும் துறைமுகமும் தப்பின. 1995-இல் ஃபெட்எக்ஸ் கம்பெனி தன் ஆசிய மையத்தை அங்கே வைத்தது. அந்தக் கம்பெனி 2009-இல் சீனாவின் குவாங்சோவுக்குப் போய்விட்டது, கிளார்க்கோ நிதானமாகத் தேறி இன்று விமான நிலையமும் தொழிற்பேட்டையுமாக ஓடுகிறது. ஆகவே சூபிக் ஜெயித்தது, கிளார்க் தோற்றது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஆனால் கிளார்க் இழந்த வருஷங்களுக்கு யார் கணக்கு சொல்வார்கள்?

மடிப்பாக்கம்: ராணுவம் இருந்த மண்ணில் வீடு கட்டினால் உடம்புக்கு ஆகாதா?

எல்லா இடத்திலும் இல்லை. எண்ணெய்த் தொட்டி, பெயின்ட் பட்டறை, சுடுதளம், தீயணைப்பு நுரை அடித்துப் பழகிய இடம், இவை நான்கும் எங்கே இருந்தன என்று கேட்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹன்டர்ஸ் பாயின்ட் கடற்படைத் தளத்தை 1974-இல் மூடினார்கள். கதிரியக்கக் கழிவு வரை கிடந்த மண். சுத்தம் செய்ய வந்த ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர்கள் இருவர், சுத்தமான மண்ணை எடுத்து மாதிரி என்று காட்டி ஏமாற்றி, 2018-இல் சிறைக்குப் போனார்கள். மண் பரிசோதனையை விற்பவர் செலவில் செய்யக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஆதம்பாக்கம்: பூங்காவாக விட்டால் என்ன?

விடலாம். ஆனால் பூங்காவுக்கும் சம்பளம், தண்ணீர், காவல் உண்டு. அதே சான் ஃபிரான்சிஸ்கோவின் பிரசிடியோ என்ற பழைய ராணுவத் தளம், சுமார் 1,500 ஏக்கர், 1994-இல் தேசியப் பூங்கா நிர்வாகத்திடம் வந்தது. பழைய ராணுவ வீடுகளை வாடகைக்கு விட்டு 2013-க்குள் சொந்தக் காலில் நில் என்று சட்டமே போட்டார்கள், நின்றது. இங்கே என் கருத்தைக் கேட்டால் சிலருக்குப் பிடிக்காது. பரங்கிமலைச் சுவருக்கு உள்ளே மரங்கள் இன்னும் நிற்பதற்குக் காரணம் அந்தச் சுவர்தான்.

கடைசியாக, ஆலந்தூர்: மெட்ரோவுக்கும் மேம்பாலத்துக்கும் ராணுவ நிலம் கேட்டால் சும்மா தருவார்களா?

சும்மா எதுவும் கிடையாது. பாதுகாப்புத் துறையிடம் ஏறக்குறைய 18 லட்சம் ஏக்கர் இருந்தும் ஒரு சென்ட்டுக்கும் கணக்குப் பார்ப்பார்கள். பணமாகக் கொடுக்கலாம், சம மதிப்புள்ள நிலம் கொடுக்கலாம், இல்லையென்றால் அதே மதிப்புக்கு அவர்களுக்குக் குடியிருப்போ மருத்துவமனையோ கட்டிக் கொடுக்கலாம். மதிப்புப் போடுவதிலேயே கோப்பு தூங்கிவிடும். உங்கள் தெரு வழியாகச் சாலை வருகிறது என்று கவுன்சிலர் சொன்னால், அந்த நிலத்தில் வேலை தொடங்க பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா என்று மட்டும் கேளுங்கள்.